முதல் வரியில் பச்சை

சேட்டின் மேல் பொத்தான் பூட்டுப்பட மறுத்தது. அன்ரனிட்டா இரண்டு கையாலும் கழுத்துப் பட்டியைச் சேர்த்து இழுத்துப் பார்த்தாள். அப்பாவின் கழுத்து ஒரே இரவில் பருத்துவிட்டதா, மூன்று வருடமாக அலுமாரிக்குள் கிடந்த சேட்தான் சுருங்கிவிட்டதா என்று தெரியவில்லை.

“பூட்டாமல் விடு பிள்ளை,” என்றாள் மேரிறோஸ் மாமி. “உயிரோடை இருக்கேக்கையும் அண்ணை மேல் பொத்தான் பூட்டினவரில்லை.”

மேரிறோஸ் மாமி அப்பா எமிலியானுஸின் தங்கை. நேற்றுப் பின்னேரம் செய்தி கேட்டதிலிருந்து இந்தச் செத்தவீட்டைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருப்பவள் அவள்தான். சவப்பெட்டிக்குச் சொன்னது, கோயிலுக்குச் சொன்னது, பக்கத்து வீட்டுக் கதிரைகளை இரவலாகக் கொண்டுவந்து போட்டது எல்லாம் அவள் வேலை. எமிலியானுஸ் நேற்று மத்தியானம் சோறு சாப்பிட்டுவிட்டுச் சாய்மனைக் கதிரையில் சரிந்தவர். மூன்று மணிக்குத் தேத்தண்ணியோடு மனைவி பிலோமினம்மா போய்த் தொட்டபோது எழும்பவில்லை. அறுபத்தெட்டு வயது. ஐம்பது வருடம் கடலோடு மல்லுக்கட்டிய மனிதர் இப்படிச் சத்தம் சந்தடி இல்லாமல் கதிரையில் போய்விடுவார் என்று கரம்பொன்னில் ஒருவரும் நினைத்திருக்கமாட்டார்கள்.

பிலோமினம்மா தலைமாட்டில் இருந்தாள். நேற்றிலிருந்து அழவுமில்லை, பேசவுமில்லை. வந்தவர்கள் கட்டிப்பிடித்து அழுதபோது அவர்களுடைய முதுகைத் தடவிக்கொடுத்தாள், அவ்வளவுதான். இப்போது மகளைப் பார்த்து வாய் திறந்தாள்.

“அன்ரனி, கொண்ணன்ரை படத்தை ஒரு கடதாசியிலை அடிச்சுக்கொண்டு வா. கொப்பற்றை கைக்குள்ளை வைச்சு விடுவம்.”

மேரிறோஸ் மாமியின் கையிலிருந்த சீப்பு அப்படியே நின்றது. அறைக்குள் நின்ற பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பார்த்தால் ஏதாவது சொல்லவேண்டி வரும்.

அன்ரனிட்டாவின் அண்ணன் கிளின்ரன் தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில் மண்டைதீவுப் பக்கம் மீன் கொண்டு போனவன். பத்தொன்பது வயது. திரும்பி வரவில்லை. போனவனும் இல்லை, உடம்பும் இல்லை, கண்டேன் என்று சொல்ல ஒரு ஆளும் இல்லை. பதினைந்து வருடமாகப் பிலோமினம்மா அவனுக்கு ஒரு பூசை வைக்க விட்டதில்லை. கார்த்திகை மாதம் ஆத்துமாக்கள் திருநாளுக்கு ஊரே சவக்காலையில் மெழுகுதிரி கொளுத்தும்போது, தன் தாய் தகப்பனுக்கு இரண்டு கொளுத்திவிட்டு வந்துவிடுவாள். மூன்றாவதைப் பற்றி ஒரு முறை மேரிறோஸ் மாமி வாயெடுத்துவிட்டு, ஒரு வருடம் முழுக்க அண்ணன் வீட்டு முற்றம் மிதிக்காமல் இருந்தாள்.

அந்த அம்மாதான் இப்போது அவன் படத்தைப் பெட்டிக்குள் வைக்கக் கேட்கிறாள். பெட்டிக்குள் வைக்கக் கேட்டால் என்ன அர்த்தம் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் விளங்கியது. பிள்ளையைத் தகப்பனோடு சேர்த்து அடக்கம் செய்கிறாள். அன்ரனிட்டாவுக்குச் சொல்ல வெட்கமான ஒரு ஆறுதல் வந்தது. அப்பாடா, அம்மா ஒருவழியாக இறக்கி வைக்கிறாள்.

“கொண்டு வாறன் அம்மா,” என்றாள். முகத்தைக் கழுவிக்கொண்டு சைக்கிளை எடுத்தாள்.

செத்தவீட்டுப் பிள்ளை சைக்கிளில் போவதைப் பார்த்து றோட்டில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். அவள் ஒருவரையும் பார்க்கவில்லை. பத்து நிமிட ஓட்டம். கணினி நிலையம் கோயிலுக்கு நேரெதிரே, பழைய கூட்டுறவுச் சங்கக்கடைக் கட்டடத்தில் இருந்தது. சமாதானம் வந்த பிறகு ஊர்காவற்றுறைப் பக்கத்துக்குக் கிடைத்த நல்ல சாமான்களில் அதுவும் ஒன்று. ஐந்து கொம்பியூட்டர், படம் அடிக்கிற ஒரு பிறின்ரர், ஒரு ரெலிபோன் இணைப்பு, ஒரு மின்விசிறி. பொறுப்பாளர் குலசிங்கம் அண்ணை, தெற்கே முப்பது வருடம் புடவைக்கடை நடத்திவிட்டு ஊர் திரும்பியவர். படிப்பிக்கிறது அன்ரனிட்டா.

வீட்டில் கிளின்ரனுடைய படம் ஒன்றுகூட இல்லை. இடம்பெயர்ந்து ஓடியபோது அல்பங்களை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பைக் கையோடு கொண்டுபோனார்கள். தொண்ணூற்றாறில் திரும்பி வந்தபோது திறப்பு மட்டும்தான் மிச்சம். அலுமாரி இல்லை, கூரை இல்லை. அப்பா அந்தத் திறப்பைக் கிணற்றுக்குள் எறிந்துவிட்டு, “இனி வீட்டுக்குள்ளை ஒண்டும் வைச்சுப் பூட்டுறேல்லை,” என்றார். அது கோபத்தில் சொன்னது என்றுதான் அன்ரனிட்டா அப்போது நினைத்தாள்.

பிறகு போன வருடம் டென்மார்க்கிலிருந்து ஜசிந்தா அக்கா ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள். ஜசிந்தா அப்பாவின் தமையன் மகள். எண்பத்தெட்டில் சுருவில் கோயிலில் நடந்த அவளுடைய கலியாணத்தை யாழ்ப்பாணத்திலிருந்து ஆள் பிடித்து வீடியோ எடுத்திருந்தார்கள். தீவுப்பகுதியில் அந்நாளில் அது பெரிய புதினம். வீடியோக்காரனைச் சுற்றி நின்ற கூட்டம் மாப்பிள்ளையைச் சுற்றி நிற்கவில்லை. பன்னிரண்டு வயது அன்ரனிட்டாவும் அந்தக் கூட்டத்துக்குள் இடிபட்டுக்கொண்டு நின்றவள்தான். அந்தக் கசெற்றில் கிளின்ரன் வரும் இடத்தை மட்டும் வெட்டி, இணையத்தில் ஒரு இலவசத் தளத்தில் ஏற்றி, அதன் இணைப்பை அனுப்பியிருந்தாள். பதினொரு விநாடி.

பந்தலுக்குள்ளிருந்து கிளின்ரன் ஒரு தட்டத்தில் சோடாக் கிளாசுகளோடு வருகிறான். வெள்ளைச் சேட், கையை முழங்கைவரை மடித்திருக்கிறான். கமராவைக் கண்டதும் வெட்கப்பட்டுத் தட்டத்தை முகத்துக்கு நேரே உயர்த்துகிறான். கிளாசுகள் சரிகின்றன. யாரோ சத்தம் போட, பதறிப்போய்த் தட்டத்தைத் தாழ்த்திச் சிரிக்கிறான். மேற்பல்லில் ஒன்று மற்றதின் மேல் ஏறியிருப்பது தெரியும்படி சிரிக்கிறான். அவனுக்குப் பின்னால் கறுத்த மீசையோடு ஒரு மனிதர் வெற்றிலை போட்டுக்கொண்டு நிற்கிறார். அவ்வளவுதான்.

அப்பா முதல்தரம் பார்த்தபோது கதிரையை விட்டு எழும்பி வெளியே போய், கோயில் மதிலடியில் கனநேரம் நின்றார். அடுத்த நாள் காலை பத்து மணிக்குத் தலை வாரி, சேட் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அதற்கடுத்த நாளும். மௌஸை நண்டு பிடிக்கிற மாதிரி விரல்களை ஒதுக்கிப் பிடிப்பார். இணைப்பு மெதுவாகத்தான் வரும். அந்தப் பதினொரு விநாடியை இறக்க இருபது நிமிடம் எடுக்கும். வலைக்குக் காத்திருந்த மனிதருக்கு அது ஒரு காத்திருப்பே இல்லை. பார்த்து முடிந்ததும் மகளைப் பார்த்துச் சொல்லுவார்:

“அதிலை பின்னாலை நானும் நிக்கிறன் பிள்ளை. ஒருத்தரும் என்னைப் பாக்கிறேல்லை.”

ஒவ்வொரு நாளும் சொல்லுவார். ஒவ்வொரு நாளும் அன்ரனிட்டா சிரிப்பாள். குலசிங்கம் அண்ணையும் சிரிப்பார். அந்த மாதங்களை இப்போது நினைத்தால், அவர்கள் மூவரும் அந்தச் சின்ன அறைக்குள் எவ்வளவு சந்தோசமாக இருந்திருக்கிறார்கள் என்று தெரிகிறது.

அம்மா மட்டும் வரவில்லை. கூப்பிட்டுப் பார்த்தார்கள். காணாமல் போன பிள்ளையைக் கண்ணாடிக்குள் பார்க்க மாட்டேன், வரும்போது நேரே பார்க்கிறேன் என்று குசினிக்குள் போய்விட்டாள். ஆனால் அப்பா மத்தியானம் வீடு திரும்பினால், “பாத்தீங்களோ?” என்று ஒரு சொல் கேட்பாள். “ஓம், நிக்கிறான்,” என்பார் அவர். அதற்குப் பிறகுதான் சோறு போடுவாள்.

அதை ஒரு சீடியில் பதிந்து வீட்டில் வைப்போம் என்று அன்ரனிட்டா சொல்லாமலில்லை. அப்பா ஒரேயடியாக மறுத்தார்.

“வீட்டிலை வைச்சதெல்லாம் போட்டுது பிள்ளை. அல்பம் போட்டுது. வள்ளம் போட்டுது. வெளியிலை போனதுகள்தான் தப்பி நிக்குதுகள். அவனும் வெளியிலையே நிக்கட்டும்.”

ஒருதரம் அவருக்குத் தெரியாமல் நிலையத்துக் கொம்பியூட்டரில் ஒரு பிரதி எடுத்து வைத்தாள். அடுத்த கிழமை வைரஸ் பிடித்து, யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் போனார். விசயம் தெரிந்ததும் அப்பா ‘சொன்னனானே’ என்று கூடச் சொல்லவில்லை, புருவத்தை மட்டும் உயர்த்தினார். அதோடு அவளும் அந்தக் கட்சிக்குப் போய்விட்டாள். ஓடி ஓடிப் பழகிய சனத்துக்கு, கையில் இருப்பதைவிடத் தூரத்தில் இருப்பதில்தான் நம்பிக்கை.

பலகை என்று அவர்கள் சொன்ன இணையப் பக்கத்தை அவள் உண்டாக்கியது அதற்குப் பிறகு. வெளிநாட்டில் இருந்த ஊர்க்காரர்கள் கலியாணம், திருநாள், பிள்ளைகளின் முதல் நன்மை என்று தங்கள் வீடியோக்களையும் படங்களையும் இங்கும் அங்கும் ஏற்றி, இணைப்பை நிலையத்துக்கு அனுப்புவார்கள். அவள் அவற்றை ஊருக்கான இணையப் பக்கத்தில் வரிசையாகப் போடுவாள். ஒரு மாதம் போனால் பாதி திறக்காது. திறக்கவில்லை என்று இங்கிருக்கும் தாய் தகப்பன்கள் வந்து அவளைத்தான் ஏசுவார்கள். எனவே ஒரு மாதம் இருந்து, பயிற்சியில் தந்த குறிப்புகளையும் தட்டித் தடவிப் பிடித்ததையும் வைத்து, ஒரு பக்கத்தை எழுதினாள். அது ஒரு மணித்தியாலத்துக்கு ஒருதரம் எல்லா இணைப்புகளையும் தட்டிப் பார்க்கும். பதில் வந்தால் வரியின் முன்னே பச்சைப் பொட்டு. வராவிட்டால் சிவப்பு. சிவப்பு வந்தால் ஏற்றியவருக்கு உடனே எழுதிக் கேட்டு, திரும்ப ஏற்றச் செய்யலாம். அறுபத்திநான்கு வரிகள். முதல் வரி கிளின்ரனுடையது.

அந்த இலவசத் தளத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. நாற்பத்தைந்து நாள் ஒருவரும் திறக்காவிட்டால் கோப்பை அகற்றிவிடுவார்கள். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தபடியால்தான் அவ்வளவு பெருமை. நாளுக்கு இருபத்திநான்கு தரம் பலகை போய்த் தட்டுகிறதே.

“இனி நீங்கள் ஒவ்வொரு நாளும் இருந்து திறக்கத் தேவையில்லை அப்பா,” என்று அவள்தான் சொன்னாள். “மற்ற ஆக்கள் லைனுக்குக் காத்துக்கொண்டு நிக்கினம். பச்சை எண்டால் அவன் நிக்கிறான் எண்டு அர்த்தம். பிறந்தநாளுக்குத் திறந்து பாப்பம்.”

அப்பா யோசித்தார். சரி என்றார். அதற்குப் பிறகும் காலை பத்து மணிக்கு வந்தார். பொட்டைப் பார்த்தார். வீட்டுக்குப் போய் “பச்சை,” என்றார். அம்மா சோறு போட்டாள்.

குலசிங்கம் அண்ணை நிலையத்தை அரைக் கதவில் திறந்து வைத்திருந்தார். மத்தியானத்தோடு பூட்டிவிட்டு அடக்கத்துக்கு வருவதாக இருந்தார். அன்ரனிட்டாவைக் கண்டதும் எழும்பினார்.

“என்ன பிள்ளை, நீர் இஞ்சை?”

“அண்ணையின்ரை படம் ஒண்டு அடிக்கவேணும். அம்மா கேக்கிறா. பெட்டிக்குள்ளை வைக்க.”

அவர் மேசையில் கையூன்றிக் கீழே பார்த்தார். அவள் அதைக் கவனிக்கவில்லை. பலகையைத் திறந்தாள். முதல் வரி பச்சை. சொடுக்கினாள். வீடியோ வரவில்லை. ஒரு வெள்ளைப் பக்கம் வந்தது. மேலே தளத்தின் பெயர், கீழே இரண்டு வரி ஆங்கிலம். நீங்கள் தேடும் கோப்பு இங்கே இல்லை, நெடுநாள் திறக்கப்படாததால் அகற்றப்பட்டது, தடங்கலுக்கு வருந்துகிறோம்.

திரும்பப் பலகைக்குப் போனாள். பச்சை. திரும்பச் சொடுக்கினாள். வருந்துகிறோம்.

அவளுக்கு மெல்ல மெல்ல விளங்கியது. பலகை போய்க் கதவைத் தட்டியிருக்கிறது. உள்ளே இருந்து ஒருவர், ‘அந்த ஆள் இங்கே இல்லை’ என்று மரியாதையாகப் பதில் சொல்லியிருக்கிறார். பதில் வந்துவிட்டது என்று பலகை பச்சைப் பொட்டுப் போட்டிருக்கிறது. என்ன பதில் என்று வாசிக்க அவள் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அதுமட்டுமில்லை. வெளியே நின்று தட்டுவது திறப்பதாகுமா? நாளுக்கு இருபத்திநான்கு தரம் தட்டினாலும் ஒருதரமும் உள்ளே போகவில்லை. உள்ளே போய்க்கொண்டிருந்தவர் அப்பா. அவரை நிற்பாட்டியது அவள்.

“குலசிங்கம் அண்ணை,” என்றாள். “இது எப்ப போனது?”

குலசிங்கம் கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு இருந்தார். மேசையைத் துடைத்தார். துடைத்த இடத்தில் தூசி இல்லை.

“உம்மடை அப்பா சொல்லவேண்டாம் எண்டவர்,” என்றார்.

மார்ச் மாதம் சூசையப்பர் திருநாள் கிளின்ரன் பிறந்த நாள். அன்றைக்கு அன்ரனிட்டா கொழும்பில் இரண்டு கிழமைப் பயிற்சியில் இருந்தாள். அப்பா புதுச் சேட் போட்டுக்கொண்டு வந்து, இன்றைக்குத் திறந்துவிடும் தம்பி என்று குலசிங்கத்திடம் கேட்டிருக்கிறார். திறந்தபோது இந்த வெள்ளைப் பக்கம்தான் வந்தது. ஆங்கிலத்தைக் குலசிங்கம் வாசித்துச் சொன்னார். அப்பா டென்மார்க்குக்கு ரெலிபோன் எடுக்கச் சொன்னார். ஜசிந்தா அழுதாள். கசெற்றில் பூஞ்சணம் பிடித்துவிட்டது, வீடு மாறும்போது எறிந்துவிட்டாள், இணையத்தில்தான் இருக்கிறதே என்று நினைத்தாளாம். பழைய கொம்பியூட்டரை எப்போதோ யாருக்கோ கொடுத்துவிட்டாள். இனி எங்கும் இல்லை.

அப்பா அதைக் கேட்டு ரெலிபோனை வைத்துவிட்டு, ஜசிந்தா அழுகிறாள், பிறகு ஒருக்கா எடுத்து ஆறுதல் சொல்லவேணும் என்றாராம். பிறகு ஏன் இப்படி நடந்தது என்று கேட்டிருக்கிறார். குலசிங்கத்துக்கு மறைக்கத் தெரியவில்லை. தட்டுவதற்கும் திறப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னார்.

“மனுசன் கதிரையைக் கிட்ட இழுத்துப் பொட்டைப் பாத்தார். பிறகு கேட்டார், உந்தப் பச்சை தானா மாறுமோ எண்டு. மாறாது அண்ணை, பதில் வாறபடியாலை பச்சையாத்தான் நிக்கும் எண்டன். ‘அப்ப நிக்கட்டும் தம்பி. தன்ரை கையாலை போனதெண்டு பிள்ளை அறியக்கூடாது’ எண்டவர். அதுதான் பிள்ளை, நான் வாயே திறக்கேல்லை.”

மார்ச்சிலிருந்து நேற்று வரை ஆறு மாதம். நல்ல நாள், பெருநாள், மழை, வெயில் பார்க்காமல் காலை பத்து மணிக்கு வந்தார். வராமல் விட்டால் மகள் ஏன் என்று கேட்பாள், கேட்டால் திறந்து பார்ப்பாள். அதற்காக வந்தார். ஒன்றுமில்லாத ஒரு பொட்டின் முன்னால் இருந்து, தலையை ஆட்டி, “ஓம் பிள்ளை, நிக்கிறான்,” என்று சொல்லிவிட்டுப் போனார். நேற்றும் சொன்னார். அன்ரனிட்டா நேற்று நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

அவள் மேசையில் தலையை வைத்து அழுதாள். செத்தவீட்டில் அழ முடியாத அழுகை அது. குலசிங்கம் எழும்பிப்போய்க் கதவை முழுக்கச் சாத்தினார்.

வெறுங்கையோடு திரும்பியபோது முற்றம் நிறைந்திருந்தது. பெட்டி வந்துவிட்டது. அப்பாவை அதற்குள் வளர்த்தி, கைகளைச் சேர்த்துச் செபமாலையைச் சுற்றியிருந்தார்கள். விரல்களுக்கிடையில் ஒரு கடதாசி வைக்க இடம் விட்டிருந்தது போல் அவளுக்குப் பட்டது. அம்மா அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள்.

அன்ரனிட்டா சொல்லத்தான் வாயெடுத்தாள். பக்கத்தில் இருபது பேர் இருந்தார்கள். “கறண்ட் இல்லை அம்மா,” என்றாள்.

“பறவாயில்லை,” என்றாள் பிலோமினம்மா. “கோயிலுக்கு முன்னாலைதானே. போகேக்கை எடுப்பம்.”

மூன்று மணிக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். எமிலியானுஸோடு ஒரே வள்ளத்தில் போனவர்கள் ஆறுபேர் தோள்கொடுத்தார்கள். ஊர்வலம் வரும்போது கோயிலில் துக்கமணி அடிக்கத் தொடங்கியது. ஒன்று, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. ஒரு சாவுக்கு ஒருதரம்தான் அதை அடிப்பார்கள், பெட்டி கோயில் வாசலைத் தாண்டும்வரை. அதைக் கேட்டுத்தான் கடற்கரைப் பக்கத்தில் நிற்பவர்களும் தொப்பியைக் கழற்றுவார்கள். பெட்டி வாசலைத் தாண்டியதும் மணி நின்றது, பீடத்துக்கு முன் இறக்கினார்கள்.

சுவாமியார் வந்திருக்கவில்லை. சுருவிலில் இன்னொரு அடக்கம், வர அரைமணித்தியாலம் செல்லும் என்று ஒருவர் வந்து சொன்னார். சனம் வாங்குகளில் இருந்து செபமாலை சொல்லத் தொடங்கியது. பிலோமினம்மா எழும்பி மகளின் கையைப் பிடித்தாள்.

“வா,” என்றாள்.

றோட்டைக் கடந்து, கோயிலிலிருந்து பின்னாலேயே வந்த குலசிங்கம் பூட்டைத் திறந்துவிட, தன் வாழ்நாளில் முதல்தரமாக அந்தக் கட்டடத்துக்குள் போனாள். குலசிங்கம் கதிரையை இழுத்துக் கொடுத்தார். அப்பா இருக்கிற கதிரை அது என்று அவருக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. அன்ரனிட்டா பலகையைத் திறந்தாள். முதல் வரியைக் காட்டினாள்.

“இதுதானோ?” என்றாள் பிலோமினம்மா. “இவ்வளவு சின்னனோ?”

“ஓம் அம்மா.”

“எங்கை, அவனைக் காட்டு.”

இனிமேல் கறண்ட் இல்லை என்று சொல்ல முடியாது. அன்ரனிட்டா அம்மாவின் காலடியில் குந்தினாள். படம் இல்லை என்றாள். மார்ச்சிலேயே போய்விட்டது, அப்பாவுக்கும் தெரியும் என்றாள். தான் செய்த பலகையால் போனது, அப்பாவைத் திறக்கவேண்டாம் என்று தான் சொன்னதால் போனது, டென்மார்க்கிலும் இல்லை, ஒரு இடத்திலும் இல்லை என்று எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்ததும் அடி விழும் என்று எதிர்பார்த்த சின்னப் பிள்ளையாக இருந்தாள்.

பிலோமினம்மா கனநேரம் அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே கோயிலில் செபமாலையின் ஐந்தாவது காரணிக்கம் தொடங்கியது கேட்டது.

“அவன் அதிலை என்ன செய்தவன்?” என்று கேட்டாள்.

அன்ரனிட்டா சொன்னாள். பந்தல், வெள்ளைச் சேட், சோடாக் கிளாசுகள், வெட்கப்பட்டுத் தட்டத்தைத் தூக்கியது, கிளாசுகள் சரிந்தது.

“ஒண்டு உடைஞ்சது,” என்றாள் பிலோமினம்மா. “நான்தான் சத்தம் போட்டனான்.”

அந்தச் சத்தம் அம்மாவுடையது என்று அன்ரனிட்டாவுக்கு இவ்வளவு நாளும் தெரியாது. அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். நூறு தரம் கேட்டும் அவர் சொல்லவில்லை.

“சிரிச்சவனோ?”

“ஓம் அம்மா. பல்லுத் தெரியச் சிரிச்சவன்.”

பிலோமினம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். நேற்றிலிருந்து வராதது வந்தது. சத்தமில்லாமல், தோள்கள் மட்டும் குலுங்க, ஆறு மாதம் தன்னிடம் பொய் சொல்லிவிட்டுச் சோறு சாப்பிட்ட மனிதருக்காகவும் சேர்த்து அழுதாள். குலசிங்கம் வாசலுக்குப் போய் றோட்டைப் பார்த்து நின்றார்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

“இப்ப இது என்ன நிறத்திலை இருக்கவேணும்?”

“சிவப்பு.”

“அப்ப மாத்து.”

“நாளைக்கு மாத்திறன் அம்மா. இப்ப வாங்கோ, சுவாமியார் வந்திடுவார்.”

“கொப்பர் மண்ணுக்குள்ளை போக முந்தி மாத்து.”

அன்ரனிட்டா கதிரையின் பக்கத்தில் நின்றபடியே விசைப்பலகையை இழுத்தாள். எழுதியவளுக்கு அது பெரிய வேலை இல்லை. முதல் வரிக்கு மட்டும் ஒரு சொல்லை மாற்றிச் சேமித்து, பக்கத்தைத் திரும்ப எடுத்தால் போதும். லைன் மெதுவாக வந்தது. பெயர் வந்தது. அதற்கு முன்னால் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லாமல் இருந்தது. பிறகு சிவப்பு வந்தது. கீழே அறுபத்திமூன்று வரிகள் தங்கள் பச்சையோடு நின்றன. அவற்றில் எத்தனை வெறும் பச்சை என்று நாளையிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கவேண்டும்.

பிலோமினம்மா தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழும்பினாள். கடதாசி ஒன்றும் கேட்கவில்லை. றோட்டைக் கடந்து போனவள் கோயிலின் பெரிய வாசலால் உள்ளே போகாமல், மணிக்கோபுரத்தடிக்குப் போனாள். அங்கே மணியடிக்கும் கிழவனார் படியில் இருந்து சுவாமியாரின் வருகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் குனிந்து அவரிடம் ஏதோ சொன்னாள். அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். தோளில் கிடந்த துவாயை எடுத்துப் படியில் வைத்துவிட்டு எழும்பிக் கயிற்றைப் பிடித்தார்.

அன்ரனிட்டா நிலையத்தின் வாசலுக்கு வந்தாள். மணி ஒருதரம் அடித்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொருதரம். கோயிலுக்குள் செபமாலை இடையில் நின்றது.

துறைமுகப் பக்கத்திலிருந்து மீன் பெட்டியோடு சைக்கிளில் வந்த ஒருவர் ஒரு காலை நிலத்தில் ஊன்றி நின்றார்.

“எமிலியானுஸ் அண்ணைக்கு அடிச்சு முடிஞ்சுதே,” என்றார். “இது ஆருக்குப் பிள்ளை?”

“எங்கடை அண்ணைக்கு,” என்றாள் அன்ரனிட்டா.

அவர் சைக்கிளை விட்டு இறங்கி, தொப்பியைக் கழற்றினார்.